ஒரு சாமந்திக் கன்று பாக்கி

முதலில் வம்பு பண்ணியவன் செவஸ்தியான்தான். நீங்கள் வழி கேட்டீர்களே, அந்த வர்க்கி பேக்கரிக்காரன். அவனிடம் போனால் வேறு மாதிரி சொல்வான். அதனால்தான் நீங்கள் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பண்ணியவன் அவன்.

உட்காருங்கள் தம்பி. மணி மூன்றுகூட ஆகவில்லை. நாலு மணிக்குத்தான் அடுப்பிலிருந்து வர்க்கி வரும். இப்போது போனால் காலையில் சுட்டதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வழி ஒன்றும் கஷ்டமில்லை. இதோ இந்தப் படிக்கட்டுதான். நாற்பத்திரண்டு படி. ஏறி முடித்தால் அவன் அடுப்புச் சுவரில்தான் போய் நிற்பீர்கள். டீ போடட்டுமா? பால் இருக்கிறது. ஒருத்தனுக்கு வாங்குகிற பாலில் எப்போதும் மிச்சம்.

பல்பைப் பார்க்கிறீர்கள். பகலில் எரிகிறதே என்று. அது எரியட்டும். அதற்கும் செவஸ்தியான்தான் காரணம்.

நான் முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரன். நான் படித்தது மூன்றாவது. ஆனால் எந்தச் செடி எந்த வாரத்தில் என்ன கேட்கும் என்று என்னைக் கேட்டுத்தான் எங்களுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய மாலியே செய்வார். சாமந்தி பூத்து முடிந்தால் காய்ந்த மாதிரி நிற்கும். நிறையப் பேர் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது சாகாது தம்பி. ஒரு சாண் விட்டுத் தண்டை வெட்டிவிட வேண்டும். வேர் உயிரோடு இருக்கும். அதுதான் தாய்ச்செடி. மார்கழியும் தையும் பனியில் கருகாமல் காப்பாற்றிக் கொடுத்தால் மாசியில் அடியிலிருந்து கன்று விடும். அந்தக் கன்றை எடுத்து நட்டால்தான் அடுத்த ஐப்பசிக்கு அதே பூ. விதை போட்டால் அதே நிறம் வராது. அதனால் தாய்ச்செடி போனால் அந்தப் பூவே போனது.

ஊட்டிப் பனி மேட்டில் தங்காது. பள்ளத்தில்தான் வந்து உட்காரும். மேலே செவஸ்தியான் வீட்டுக் கூரையில் வெறும் ஈரம்தான் இருக்கும். அதே காலையில் இங்கே என் வாளித் தண்ணீர் கண்ணாடி போட்ட மாதிரி இறுகிக் கிடக்கும். நடுவில் நாற்பத்திரண்டு படிதான். அதனால் வருஷா வருஷம் கார்த்திகை தீபம் முடிந்ததும் எட்டுத் தொட்டியையும் ஒவ்வொன்றாகச் சுமந்து மேலே கொண்டுபோய் அவன் அடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம் வரிசையாக வைப்பேன். அந்தச் சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். உள்ளே வர்க்கி வேகும், வெளியே என் செடி தூங்கும். மாசி கடைசியில் இறக்கிவிடுவேன். தினமும் நாலு மணிக்குச் செடியைப் பார்க்கப் போவேன். போன இடத்தில் டீ கொடுப்பான், இரண்டு வர்க்கி கொடுப்பான். பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். பெரிதாகப் பேசமாட்டோம். அவன் விறகைப் பற்றிச் சொல்வான், நான் எருவைப் பற்றிச் சொல்வேன். பதினாலு வருஷம் அப்படி.

அந்த எட்டும் என் சம்சாரம் மாராத்தாளின் செடி. ஒரே இனம். இதழ் மேலே செங்கல் நிறம், அடிப்பக்கம் மஞ்சள். காற்றில் ஆடினால் இரண்டு பூ மாதிரித் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் செவஸ்தியான் ஆட்களுடைய கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிக் குப்பையை வெளியே தள்ளுவார்கள் இல்லையா, அந்தக் குவியலில் ஒரு தண்டு பச்சையாகக் கிடந்ததாம். எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கல்லறைப் பூ வீட்டுக்கு ஆகாது என்று நான் கத்தினேன். "செடிக்குத் தெரியுமா அது எங்க கிடந்துச்சுன்னு" என்று சொல்லிக்கொண்டே நட்டாள். பிழைத்துக்கொண்டது.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. எரித்தோம். அதனால் அவளுக்கென்று போய்ப் பூ வைக்க ஓர் இடம் கிடையாது. இந்தச் செடிதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மாசிக்கு முந்திய மாசி மாதம். மூன்றாவது தொட்டியில் செவ்வாய்க்கிழமை எண்ணினேன், ஐந்து கன்று. புதன்கிழமை எனக்குக் காய்ச்சல், போகவில்லை. வியாழக்கிழமை போனேன், நாலு. ஒன்று இருந்த இடத்தில் மண்ணைக் கட்டை விரலால் அமுக்கிவிட்ட அடையாளம் இருந்தது.

உள்ளே போனேன். செவஸ்தியான் மாவு பிசைந்துகொண்டிருந்தான். வேலைக்கு இரண்டு ஆள் இருந்தார்கள்.

"யார்ரா என் தொட்டியில கை வச்சது?"

"நான்தாண்ணே," என்றான். கையைக்கூட மாவிலிருந்து எடுக்கவில்லை. "ஒரே ஒரு கன்னு. அம்மா கல்லறையில வைக்கலாம்னு எடுத்தேன்."

"கேட்டியா?"

"நீங்க நேத்து வரலையேண்ணே. காய்ச்சல்ல படுத்திருந்தீங்க."

"படுத்திருந்தா வீட்டுலதானே கிடப்பேன். இறங்கி வந்து கேக்கிறதுக்கென்ன?"

"இதுக்குப் போய் இறங்கி வரணுமாண்ணே?"

இதுக்குப் போய். அந்த வார்த்தையைக் கவனியுங்கள் தம்பி. இதுக்குப் போய். எங்கள் தோட்டக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. அடுத்தவன் தாய்ச்செடியில் நீ கை வைக்கக் கூடாது. செடிக்காரன் தன் கையால் கன்றைப் பிரித்து, வேர் மண்ணோடு உன் கையில் வைக்க வேண்டும். வாங்கினவன் அதைப் பெருக்கி, அதிலிருந்து ஒரு கன்றைத் தன் கையால் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். கைக்குக் கை. கலெக்டர் வீட்டுத் தோட்டமானாலும் அதுதான் முறை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா என்று மாராத்தாளைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பாள். அவள் என்னை எப்போதும் ஒரு படி கீழேதான் வைத்துப் பேசுவாள். ஆனால் கொடுத்திருப்பேன்.

அந்தப் புதன்கிழமை என் காய்ச்சலுக்கு ரொட்டியும் சுக்குக் காப்பியும் மகளிடம் கொடுத்தனுப்பினான். அது வேறு விஷயம். அதையும் இதையும் கலக்கக் கூடாது.

நான் விடவில்லை. "திருட்டுதான் இது" என்றேன். அப்போதுதான் மாவிலிருந்து கையை எடுத்தான்.

"அண்ணே, மாராத்தா அக்கா அந்தச் செடிய எங்க கல்லறைக் குப்பையிலதானே பொறுக்குனாங்க? நான் ஒண்ண எடுத்துட்டுப் போய் அங்கயே திருப்பி வச்சிட்டேன். இதுல என்ன திருட்டு?"

குப்பையில் எறிந்தால் அது குப்பை. எடுத்துப் பிழைக்கவைத்தவளுடையதுதான் செடி. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் வேலையாள் ஒருத்தன், நெய் தடவுகிறவன், "பதினாலு வருசமா எட்டுத் தொட்டி நம்ம சுவத்துல குளிர் காயுது, அதுக்கு வாடகைன்னு நெனச்சுக்கங்க பெரியவரே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். செவஸ்தியானும் சிரித்தான். பெரிதாக இல்லை. உதட்டோரம்தான். நான் பார்த்தேன்.

அன்றைக்கே எட்டுத் தொட்டியையும் இறக்கினேன். எட்டு முறை ஏறி எட்டு முறை இறங்கினேன். மூன்றாவது தடவை அவன் வந்து ஒரு தொட்டியைத் தூக்கப் போனான். "தொடாதே" என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். அதோடு சரி. அந்த நாற்பத்திரண்டு படியின் உச்சியில் பிறகு நான் கால் வைக்கவில்லை.

அந்த வருஷம் பனி அதற்கப்புறம் விழவில்லை. ஐப்பசியில் எட்டும் பூத்தன. அடுத்த பனிக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. இந்தப் பள்ளத்தில் எப்படிக் காப்பாற்றுவது? பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரியே கோத்தகிரி மிலார் என்கிற புதர்ச்செடியின் தழையை வெட்டிவந்து தொட்டிகளுக்கு மேல் கூரை மாதிரிப் பரப்பினேன். அந்தத் தழை பனியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். விடிந்ததும் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் தீப்பட்ட மாதிரிக் கருகிவிடும். அதோடு இந்தப் பல்பையும் வாங்கிப் போட்டேன். நூறு வாட் குண்டு பல்பு. கடைக்காரன் இப்போது இதெல்லாம் யாரும் வாங்குவதில்லை என்று தேடி எடுத்துக் கொடுத்தான். கொஞ்சம் சூடும் கிடைக்கும், திருட்டுக்குக் காவலும் ஆகும். ஒரு தடவை எடுத்த கை இன்னொரு தடவை எடுக்காதா?

தையில் ஒரு நாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி மடங்கவில்லை. படுத்தபடியே கூப்பிட்டுப் பார்த்தேன். யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள், சும்மா கூப்பிட்டேன். எழுந்து வெளியே வருவதற்குள் வெயில் சுவரில் இறங்கிவிட்டது. ஏழு போய்விட்டது. பல்புக்கு நேர் கீழே இருந்த ஒன்றுதான் மிஞ்சியது. மேலே சுவரோரம் இருந்திருந்தால் எட்டும் இருந்திருக்கும். அந்த ஏழும் செவஸ்தியான் கணக்குத்தான்.

மிஞ்சிய ஒன்றை விடுவேனா? அன்றையிலிருந்து பல்பை அணைப்பதில்லை. மகன் திருப்பூரிலிருந்து பேசும்போது கரண்டு பில்லைப் பற்றிக் கேட்கிறான். "அங்க தனியா எதுக்குப்பா, இங்க வந்துடுங்க" என்கிறான். செடியை யார் பார்ப்பது? அவன் வீடு மூன்றாவது மாடி.

செடி வளர்ந்தது பாருங்கள். இதோ இதுதான். எழுந்து பக்கத்தில் போய்ப் பாருங்கள். என் நெஞ்சு உயரம். இலை கீரை மாதிரி. இப்படி ஒரு சாமந்தியை நான் பள்ளிக்கூடத் தோட்டத்திலேயே வளர்த்ததில்லை. ஐப்பசி வந்தது, மொட்டு வைக்கவில்லை. கார்த்திகை வந்தது, மொட்டு இல்லை. நுனியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன், இலைதான். இதோ மார்கழி வரப்போகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. செடியை மாற்றிவிட்டான். கன்று எடுத்த அன்றைக்கே அசலை எடுத்துக்கொண்டு பூக்காத சாதி ஒன்றை என் தொட்டியில் சொருகியிருக்கிறான்.

நடுவில் ஒரு வருஷம் பூத்ததே என்கிறீர்களா? பூத்தது. அது வேறு தொட்டியாக இருக்கும். ஏழு செத்ததில் எது எது என்று யார் கண்டது.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் அவன் மகள் ஜெசிந்தா வந்தாள். கோத்தகிரிப் பக்கம் ஒரு பூப்பண்ணையில், பெரிய பெரிய பிளாஸ்டிக் குடில் போட்டிருப்பார்களே, அங்கே வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், லீவு கிடைத்தால் நடுவிலும் வருவாள். கையில் ஒரு பூ கொண்டுவந்தாள். செங்கல் நிறம், அடியில் மஞ்சள்.

"பாட்டி கல்லறையில பூத்தது பெரியப்பா. ரெண்டு வருசமா பூக்குது. அப்பா அங்க ரெண்டு மெழுகுவத்தி வைக்கிறாரு. ஒண்ணு பாட்டிக்கு, ஒண்ணு மாராத்தா பெரியம்மாவுக்கு."

"நான் வைக்கச் சொன்னேனா?" என்றேன்.

அவள் இந்தச் செடியையும் பார்த்தாள், பல்பையும் பார்த்தாள்.

"பெரியப்பா, இது ராத்திரி பூரா எரியுதா?"

"எரியுது."

"அதான் பூக்கல. சாமந்திக்கு ராத்திரி நீளமா இருட்டு இருந்தாத்தான் மொட்டு வைக்கும். எங்க பண்ணையில பூ சீக்கிரம் வரக்கூடாதுன்னா ராத்திரியில பல்பு போடுவோம். வேணும்னா அணைச்சிடுவோம். நீங்க அடுத்த ஆவணி புரட்டாசியில இத அணைச்சுப் பாருங்க, தன்னால பூக்கும்."

நான் முப்பத்தொரு வருஷம் சாமந்தி வளர்த்தவன். அவள் பிறந்தபோது பெயர் வைக்கும் விருந்துக்கு நான்தான் பூ கொண்டுபோனேன். அவள் எனக்குச் சொல்கிறாள், செடிக்கு இருட்டு வேண்டுமாம்.

"அணைச்சா காவல் யாரு?" என்றேன்.

"யாரு பெரியப்பா திருட வரப்போறாங்க? இங்க யாருமே வர்றதில்லையே."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஒரு வனஸ்பதி டின். அதில் ஒரு செடி, ஒரு முழ உயரம், உச்சியில் மூன்று மொட்டு. "அப்பா குடுத்துவிட்டாரு. கல்லறைச் செடியோட கன்னு. உங்க கன்னு உங்களுக்கே பெரியப்பா."

நான் கையை நீட்டவில்லை.

"கொண்டுவர வேண்டியவன் நீ இல்ல. கைக்குக் கைதான் முறை. எடுத்தவன் வந்து குடுக்கட்டும்."

"அப்பாவுக்குச் சக்கரையில கால் கட்டைவிரல எடுத்துட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை இங்கிருந்தே பார்த்தேன். எட்டு நாள் அடுப்பு எரியவில்லை. அதுவும் தெரியும். ஒன்பதாம் நாள் புகை வந்தது. ஆனால் தம்பி, ஒரு விரல்தானே? ஒரு விரல் இல்லாவிட்டால் ஆள் நடக்க முடியாதா?

அந்தப் பெண் டின்னை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். "நீங்களும் ஏற மாட்டீங்க, அவராலயும் இறங்க முடியாது. நான் இத எங்கதான் வைக்கட்டும்?"

"எங்க வேணா வை. என் வாசல்ல வைக்காதே."

சரி என்று திரும்பி ஏறினாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. இருபத்தொன்று என்றதும் நின்று, டின்னைப் படியோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சரிபாதி. அப்பனுக்கு ஏற்ற மகள்.

அது அங்கேதான் இருக்கிறது. படி அங்கே வளைகிறது, அதனால் இங்கிருந்து தெரியாது. என் பல்பு வெளிச்சமும் அங்கே எட்டாது. அந்தச் செடியை நான் வாங்கிக்கொள்ளவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவன் வந்து கையில் கொடுக்கிறவரை அது அவன் சொத்துதான். ஆனால் இந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துவிட்டது. பனியில் செத்துப்போய்விட்டால், நான் கொடுத்தேன், அவர்தான் சாகவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்வான். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். அதனால் சாயந்திரம் ஏறிப்போய் மிலார் தழை மூடிவிட்டு வருகிறேன். காலையில் வெயிலுக்கு முன்னால் போய்த் தண்ணீர் தெளிக்கிறேன். இருபத்தோரு படிதான். முட்டி வலிக்கிறது, பரவாயில்லை. அங்கே நின்றால் மேலே அடுப்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அவன் இருமுவதும் கேட்கும். அவன் இன்னும் அந்தப் புகையில்தான் நிற்கிறான். சொன்னால் கேட்கிற ஆளா?

ஒரு மொட்டு விரிந்துவிட்டது. மாராத்தாளுடைய நிறம்தான். பூ முடிந்ததும் ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். யார் வெட்டுவது? அது அவன் செடி. கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

இன்னொன்று சொல்ல வேண்டும். முந்தாநாள் காலையில் நல்ல உறைபனி. சொம்பில் தண்ணீரோடு ஏறிப்போனேன். அதற்குள் யாரோ தழையை விலக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இலையைத் தொட்டேன், வெதுவெதுப்பு இன்னும் போகவில்லை. சுடவைத்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக ஊற்றியிருக்கிறார்கள். மேலே பார்த்தேன். வெள்ளையாகக் கிடந்த படிகளில் தடம் இருந்தது. ஒரு செருப்புத் தடம், பக்கத்தில் ஒரு தடி ஊன்றிய வட்டம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கியிருக்கிறான். இருபத்தோராவது படிவரை. அதற்குக் கீழே தடம் இல்லை.

நேற்றும் அப்படியே. இன்றைக்கும்.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. இருபத்தோரு படி இறங்கத் தெரிந்தவனுக்கு மீதி இருபத்தொன்று இறங்கத் தெரியாதா? பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பினால் வந்ததாக ஆகுமா? நான் இங்கே விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கதவும் திறந்துதான் இருந்தது.

வாசனை வந்துவிட்டது, பார்த்தீர்களா? நாலாகிவிட்டது. கிளம்புங்கள், சூடாக வாங்கலாம். எனக்கு எதுவும் வேண்டாம். இந்த வழியாகத்தானே திரும்பி இறங்குவீர்கள்? டீ மிச்சம் இருக்கிறது, அதற்காகக் கேட்டேன்.

வளைவில் அந்த டின் இருக்கும், காலில் தட்டிவிடாதீர்கள். மேலே அவனைப் பார்த்தால், சர்க்கரைக்காரன் பனியில் காலில் உறை போடாமல் நடக்கக் கூடாது என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். எங்கேயோ படித்ததாகச் சொல்லுங்கள். தடி வேறு, பனியில் வழுக்கும். இன்னொரு குண்டு பல்பும் ஒயரும் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு இழுத்து அந்த இருபத்தோராவது படிக்கு நேர் மேலே ராத்திரி பூரா எரிகிற மாதிரி மாட்டிவிடப் போகிறேன். செடிக்குக் காவலுக்குத்தான். அப்புறம் இருட்டு, படி தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாதே.

அவனே ஏதாவது கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள். கன்று இன்னும் என் கைக்கு வரவில்லை. இருபத்தோரு படி பாக்கி.